சாப்பாட்டு மேசையில் வைக்கும் ‘சந்தோஷம்’
எவ்வளவு கொடுப்பது? யாருக்குக் கொடுப்பது?

சாப்பாட்டுக்கடையில் உண்டு முடித்து எழும்பும்போது, பரிமாறியவருக்கெனக் கொடுக்கும் சிறு தொகையை எம்மவர் ‘சந்தோஷம்’ என்பார்கள். ‘இனாம்’ என்பாரும் உளர். இப்போது ‘டிப்ஸ்’ என்பதே பலர் வாயில் வருகின்றது. தொகை சிறிது, ஆனால் அதுபற்றிய தயக்கம் பெரிது. குறைவாக வைத்தால் கஞ்சன் என்பார்களோ, கூட வைத்தால் பகட்டு என்பார்களோ என்று யோசித்தபடியே பலர் சில்லறையைப் பொறுக்குகிறார்கள்.

பிள்ளைகளைப் பார்க்கக் கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ செல்லும் பெற்றோருக்கு இத்தயக்கம் இன்னும் அதிகம். அங்கே மகன் பில்லுக்கு மேல் பத்துப் பதினைந்து டொலர் சேர்த்துக் கொடுப்பதைக் காணும் தகப்பனார், “சாப்பாட்டுக்குத்தானே காசு குடுத்தாச்சு. இது என்னத்துக்குத் தம்பி?” என்று கேட்கிறார். “இஞ்ச எல்லாரும் குடுக்கிறவை, அப்பா” என்பதோடு மகன் நிறுத்திவிடுகிறான்.

தகப்பனாரின் கேள்வி நியாயமானது. அதற்கு மகன் சொன்னதைவிட நல்ல மறுமொழி உண்டு. ‘எவ்வளவு?’ என்று கேட்குமுன் நாம் வேறொன்றைக் கேட்கவேண்டும்: ‘எனக்குப் பரிமாறிய இந்த மனிதரின் சம்பளத்தை யார் கொடுக்கிறார்?’ இதற்கு விடை கிடைத்தால், தொகை எவ்வளவு என்பது பெரும்பாலும் தானே தெளிவாகிவிடும்.

கொடையும் கூலியும்

கொடை வேறு, கூலி வேறு. கொடை கொடுப்பவனின் மனத்தைப் பொறுத்தது. கூடக் கொடுத்தால் நன்றி. குறைத்துக் கொடுத்தால் குற்றமில்லை. கூலி அப்படியன்று. அது வேலை செய்தவனுக்குச் சேரவேண்டிய கடன். அதைக் குறைப்பவன் கஞ்சன் அல்லன், அநீதி செய்பவன்.

பாப்பரசர் 13 ஆம் சிங்கராயர் 1891 ஆம் ஆண்டில் எழுதிய ‘ரேரும் நோவாரும்’ என்ற நிருபம் இவ்விடயத்தில் தெளிவாக இருக்கின்றது. தொழிலாளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்பதற்காக மட்டும் ஒரு சம்பளம் நீதியான சம்பளமாகிவிடாது. ஒழுங்காக வாழும் தொழிலாளியைத் தாங்கக்கூடிய அளவு அதில் இருக்கவேண்டும் என்பது அதன் போதனை. இந்தக் கடமை முதலாளியினுடையது.

மேசையில் வைக்கும் ‘சந்தோஷம்’ இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கின்றது. சில நாடுகளில் அது உண்மையாகவே கொடை. வேறு சில நாடுகளில் அது கொடையின் உடையை உடுத்திய கூலி. அங்கேதான் சிக்கல்.

கொடை கூலியான கதை

அமெரிக்காவில் அடிமை முறை 1865 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அதன்பின் புல்மன் கம்பனி தன் தூங்கும் வசதியுள்ள ரயில் பெட்டிகளில் பணிபுரிய, விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் பெருந்தொகையாக வேலைக்கு எடுத்தது. அவர்களுக்குக் கொடுத்த சம்பளம் மிகக் குறைவு. மிச்சத்தைப் பயணிகளின் ‘சந்தோஷத்தில்’ தேடிக்கொள்ளவேண்டும். படுக்கை விரித்து, சப்பாத்துத் துடைத்து, இரவு முழுவதும் கண்விழித்த அந்த மனிதர்களைப் பயணிகள் அவர்களுடைய சொந்தப் பெயரால் அழைக்கவில்லை. கம்பனி முதலாளி ஜோர்ஜ் புல்மனின் பெயரால் எல்லாரையும் ‘ஜோர்ஜ்’ என்றே அழைத்தார்கள். அவமதிப்பைப் பொறுத்தால்தான் காசு கிடைக்கும். காசு கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். 1925 ஆம் ஆண்டில் இவர்கள் சங்கம் அமைத்தனர். ஏ. பிலிப் ராண்டொல்ஃப் அதற்குத் தலைமை வகித்தார். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்தின் பின், 1937 இல், கம்பனி அவர்களுடன் ஒப்பந்தம் செய்தது.

உணவகத் தொழிலாளரின் கதையும் இதுபோன்றதே. 1938 இல் வந்த ஆகக் குறைந்த சம்பளச் சட்டம் அவர்களை உள்ளடக்கவில்லை. 1966 இல் சட்டம் விரிவாக்கப்பட்டபோது கூடவே ஒரு வாசலும் திறக்கப்பட்டது. வாடிக்கையாளர் கொடுக்கும் ‘சந்தோஷத்தை’ முதலாளி சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடலாம் என்றாயிற்று. இதன்படி மத்திய சட்டத்தில் பொதுவான ஆகக் குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 7 டொலர் 25 சதம். ‘சந்தோஷம்’ பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்கவேண்டியது 2 டொலர் 13 சதம் மாத்திரமே. இந்த 2 டொலர் 13 சதம் 1991 இல் நிர்ணயிக்கப்பட்டது, அதன்பின் கூடவில்லை. இரண்டும் சேர்ந்தும் 7 டொலர் 25 சதத்தை எட்டாவிட்டால் மீதியை முதலாளி நிரப்பவேண்டும் என்று சட்டம் சொல்லுகின்றது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இப்படிக் கழிப்பதை அனுமதிப்பதில்லை. பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன.

இப்போது தகப்பனாரின் கேள்விக்குத் திரும்புவோம். அப்படியான மாநிலம் ஒன்றில் பில்லுக்கு மேல் 15 அல்லது 20 வீதம் கொடுப்பது தாராள மனத்தின் அடையாளம் அன்று. அது சாப்பாட்டு விலையில் சேர்க்கப்படாமல் விடப்பட்ட கூலி. “இந்த முறை பிழையானது, ஆகவே நான் கொடுக்கமாட்டேன்” என்று ஒருவர் எழும்பிப் போனால் முதலாளிக்கு நட்டமில்லை. பரிமாறிய பெண்ணுக்கே நட்டம். முறை பிழை என்பது உண்மை. ஆனால் அதைத் திருத்தும் செலவை அவளுடைய சம்பளத்திலிருந்து எடுக்க எமக்கு உரிமையில்லை.

நாட்டுக்கு நாடு வேறு

பிரான்சில் நிலைமை மறுதலையானது. 1987 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி விலைப்பட்டியலில் போட்ட விலையிலேயே சேவைக்குரிய பணமும் அடங்கவேண்டும். ஆகவே அங்கே மேசையில் வைக்கும் ஒன்றிரண்டு யூரோ உண்மையான கொடை. வைக்காவிட்டாலும் யாரும் மனம் கோணுவதில்லை. யப்பானில் வைக்கும் வழக்கமே இல்லை. மறந்துபோன காசென்று எண்ணிப் பின்னால் ஓடிவந்து தந்தாலும் தருவார்கள்.

பிரித்தானியாவில் பல உணவகங்கள் 12.5 வீதத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடுகின்றன. ‘விரும்பினால்’ என்று அதில் குறித்திருந்தால் நீக்கும்படி கேட்கலாம். 2009 ஒக்டோபர் முதல், இப்பணத்தைக் கொண்டு ஆகக் குறைந்த சம்பளத்தை நிரப்புவது அங்கே சட்டவிரோதம். 2024 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இப்பணம் முழுவதையும் முதலாளி தொழிலாளரிடையே நியாயமாகப் பகிரவேண்டும் என்கிறது.

எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மதுபானம் பரிமாறுவோருக்கு முன்னர் குறைந்த சம்பளமே விதிக்கப்பட்டிருந்தது. மற்றோருக்கு மணித்தியாலத்துக்கு 14 டொலர் 35 சதம் என்றால் இவர்களுக்கு 12 டொலர் 55 சதம். 2022 ஜனவரி 1 இல் இவ்வேறுபாடு நீக்கப்பட்டு எல்லாருக்கும் 15 டொலராக்கப்பட்டது. பின்னர் அது மேலும் கூடியிருக்கின்றது. சட்டம் மாறிவிட்டது, 15 முதல் 20 வீதம் கொடுக்கும் வழக்கம் மாறவில்லை. அங்கே கொடுப்பது இன்னும் எதிர்பார்க்கப்படும் நல்ல பழக்கமே. ஆயினும் அட்டை இயந்திரம் 25 வீதம் என்று காட்டுகிறதே என்பதற்காக மனச்சாட்சி குழம்பத் தேவையில்லை.

எமது நாட்டில்

இலங்கையில் நட்சத்திர ஹோட்டல்களும் பெரிய உணவகங்களும் ‘சேவைக் கட்டணம்’ என்று 10 வீதத்தைப் பில்லில் சேர்ப்பது வழக்கம். இது ஊழியருக்குப் பகிர்வதற்கென வாங்கப்படுவது. அதற்குக் கீழே வரும் பெறுமதிசேர் வரி அரசாங்கத்துக்குரியது. 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பவேண்டாம். வரி கட்டியதால் பரிமாறியவருக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை.

சேவைக் கட்டணம் அறவிடப்பட்டிருந்தால் மேலும் கொடுக்கும் கடமை இல்லை. விரும்பிக் கொடுத்தால் அது கொடை. அறவிடப்படாத, மேசையில் பரிமாறும் உணவகத்தில் பில்லின் 10 வீதத்தை அளவாகக் கொள்வது பொருத்தம். 4,000 ரூபாவுக்கு உண்டால் 400 ரூபா. தேநீர்க்கடையிலும் சிறு சாப்பாட்டுக்கடையிலும் இப்படிக் கணக்குப் பார்ப்பது அவசியமில்லை. மீதிக் காசை விட்டுவருவது போதும்.

நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. இத்தொகையில் வாடகை கட்டி, பிள்ளைகளைப் படிப்பிப்பது எப்படியென்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். நாம் அலட்சியமாக மேசையில் விடும் 100 ரூபா அந்த வீட்டில் அலட்சியமாக எண்ணப்படுவதில்லை.

தண்டிக்கும் கோல் அன்று

‘நல்லாய்க் கவனித்தால் கொடுப்பேன், இல்லாவிட்டால் இல்லை’ என்பார் பலர். கேட்க நியாயம்போல் இருக்கும். ஆனால் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கல் லின் இதைப் பல காலம் ஆராய்ந்திருக்கிறார். சேவையின் தரத்துக்கும் கொடுக்கும் தொகைக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறிது என்பதே முடிவு. பில்லில் சிரித்த முகம் வரைந்து கொடுப்பது, மேசையருகே குனிந்து அமர்ந்து பேசுவது போன்றவை தொகையைக் கூட்டுவதாகவும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நாம் நீதிபதிகள் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் முகத்தைப் பார்த்தே தீர்ப்பளிக்கிறோம்.

மேலும், சோறு பிந்தி வந்தால் பிழை சமையற்கட்டில் இருக்கலாம். ஆள் போதாமல் வேலை வாங்கும் முதலாளியிடத்தில் இருக்கலாம். திட்டு வாங்குவதோ பரிமாறுபவர். குறை இருந்தால் பொறுப்பானவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். ‘சந்தோஷம்’ கொடுக்கிறோம் என்பதால் ‘டேய்’ என்று அழைக்கும் உரிமையை நாம் விலைக்கு வாங்கவில்லை. ‘தம்பி’, ‘தங்கச்சி’ என்று அழைப்பதற்குக் காசு தேவையில்லை.

கடை வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டுமன்றி, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பரிசிலும் எம்மவர் உணவகம் நடத்துகின்றனர். பரிமாறுபவருக்கென்று வாடிக்கையாளர் விட்டுச்செல்லும் காசு முதலாளியின் காசு அன்று. ஒன்ராறியோவில் 2016 ஜூன் முதல் அதைப் பிடித்துவைப்பதைச் சட்டம் தடுக்கின்றது. சட்டம் இல்லாத இடத்திலும் நீதி உண்டு.

சமையற்கட்டையும் மறக்கவேண்டாம். போர்க் காலத்தில் பரிசுக்கு ஓடிய எமது இளைஞர் பலர் உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவியே வீட்டுக்குப் பணம் அனுப்பினர். வாடிக்கையாளர் அவர்களுடைய முகத்தைக் கண்டதில்லை. முன்னால் நின்றவருக்கு மட்டும் கிடைத்து, பின்னால் வெந்தவருக்குக் கிடைக்காத ‘சந்தோஷம்’ அரைச் சந்தோஷமே. எல்லாருக்கும் பகிரும் முறையொன்றை எழுதிவைத்து, ஊழியருக்கு அதைக் காட்டுவது முதலாளியின் பெயருக்கும் நல்லது.

எவ்வளவு கொடுப்பது?

1. பில்லை முழுமையாக வாசியுங்கள். சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தால் இரண்டாம் தடவை கொடுக்கவேண்டியதில்லை.

2. வெளிநாடு சென்றால் அங்குள்ள சம்பள முறையைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள். ‘சந்தோஷம்’ சம்பளத்தில் கழிக்கப்படும் இடத்தில் அதைக் கடனாகவும், கழிக்கப்படாத இடத்தில் கொடையாகவும் கருதுங்கள்.

3. வரிக்கு முந்திய தொகையில் கணக்கிடுங்கள். ஒன்ராறியோவில் 60 டொலர் சாப்பாட்டுக்கு 13 வீத வரி சேர்ந்தால் 67 டொலர் 80 சதம். அறுபதில் 15 வீதம் 9 டொலர். வரியையும் சேர்த்து இயந்திரம் கணக்கிட்டால் 10 டொலர் 17 சதம்.

4. கொடுத்த வேலையைப் பாருங்கள். பத்துப் பேர் கூட்டமாகப் போய், குழந்தைகள் சோற்றைச் சிந்தி, இரண்டு மணித்தியாலம் இருந்து பேசியிருந்தால் வழக்கத்தைவிடக் கூடக் கொடுப்பதே முறை.

5. முடியுமானால் காசாகக் கையில் கொடுங்கள். அட்டையில் கொடுத்தால், “இது உங்களுக்குக் கிடைக்குமா?” என்று கேட்பதில் பிழையில்லை.

6. ‘சந்தோஷத்தோடு’ சேர்த்துப் பில்லைத் தாங்கமுடியாவிட்டால் மலிவான இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். இன்னொருவரின் கூலியில் நாம் விருந்துண்ண வேண்டாம்.

இறுதியாக ஒன்று. உணவகத்தில் ஆயிரம் ரூபாவைத் தாராளமாக வைத்துவிட்டு, எமது வீட்டில் துணி தோய்ப்பவருக்கும் தோட்டத்தில் கொத்துபவருக்கும் கூலியை அடுத்த கிழமைக்குத் தள்ளிவைத்தால் அந்த ஆயிரத்துக்கு அர்த்தமில்லை. கடனை முதலில் தீர்ப்போம்; சந்தோஷம் பிறகு வரட்டும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. கடைசியாக நாம் சென்ற உணவகத்தில் பரிமாறியவரின் முகம் எமக்கு ஞாபகமிருக்கிறதா? அவரை எப்படி அழைத்தோம்?

2. எமக்காக வேலை செய்வோருள் யாருக்காவது கூலி நிலுவையில் இருக்கிறதா?

3. வெளிநாட்டிலுள்ள எமது உறவினருள் உணவகத்தில் வேலை செய்தவர் யார்? அந்த நாட்களைப்பற்றி அவரிடம் கேட்டிருக்கிறோமா?