நெஞ்சின் நிழல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, என் மாணவன் ஒருவன் பழுப்பு நிற உறையுடன் வீட்டிற்கு வந்தான். உள்ளே அவன் தந்தையின் நெஞ்சு எக்ஸ்ரே படம். "சார், வலது பக்கம் மேலே வெள்ளையாக இருக்கிறதே, சயரோகம்தானே?" என்று கேட்டான். குரல் நடுங்கியது. நான் மருத்துவன் அல்லன், பௌதிகம் கற்பிப்பவன். ஆயினும் அவன் கேள்வியில் பாதி பௌதிகம்தான். அந்தப் பாதியை அவனுக்குச் சொன்னேன்.

எக்ஸ்ரே படம் புகைப்படம் அன்று, நிழல். 1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த இக்கதிர்கள் உடலினுள் செல்லும்போது, வழியிலுள்ள பொருள் அவற்றில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. எலும்பிலுள்ள கால்சியம் நிறைய விழுங்கும். தசையும் இரத்தமும் ஏறத்தாழ நீரைப் போலவே நடந்துகொள்ளும். காற்று அநேகமாக ஒன்றையும் தடுப்பதில்லை. கதிர் விழுந்த இடம் படத்தில் கறுக்கும். ஆகவே எலும்பு வெள்ளை, காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பு, நடுவே இதயம் வெளிர் நிழல்.

நிழல் என்றவுடன் ஒரு சோதனை. நம் பக்கத்து வீடுகளின் வளவுச் சுவர் இதற்கு மிகவும் ஏற்றது. இரவில் சிறு பல்பு உள்ள டார்ச் விளக்கை எரியவிட்டு, சுவரருகே கையை நீட்டுங்கள். நிழல் கையளவே இருக்கும். கையை விளக்கின் பக்கம் நகர்த்துங்கள். நிழல் பெருத்து, ஓரம் மங்கும். இதயம் மார்பின் முன்புறம் இருக்கிறது. அதனால்தான் மார்பைப் பலகையில் ஒட்டி நிற்கச் சொல்லி, முதுகுப் பக்கம் ஏறத்தாழ 180 செ.மீ. தள்ளி எக்ஸ்ரே குழாயை வைக்கிறார்கள். பலகையிலிருந்து இதயம் 5 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொண்டால், நிழல் 180/175 மடங்கு, அதாவது 3 சதவீதம்தான் பெரிது. எழுந்து நிற்க முடியாதவருக்குப் படுக்கையில் முன்புறமிருந்து படம் எடுத்தால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதைக் கண்டு வீணே பயந்தவர்கள் உண்டு. "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்பதும் வெறும் சடங்கு அன்று: நுரையீரல் விரிந்து காற்று நிறையும், உதரவிதானம் கீழிறங்கும், அசைவும் நிற்கும்.

இனி மாணவனின் வெள்ளைக்கு வருவோம். காற்று இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது என்பதே அதன் பொருள். அது நிமோனியாவின் சீழாகலாம், கட்டியாகலாம், என்றோ ஆறிப்போன தழும்பாகலாம். காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில் தங்கும், குழிகளும் உண்டாக்கும்; ஆனால் அது சந்தேகத்தை வலுப்படுத்துமே தவிர, தீர்ப்பாகாது.

1955-58-இல் இந்தியாவில் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், ஆயிரம் பேரில் 13 முதல் 25 பேருக்கு எக்ஸ்ரேயில் நோயின் நிழல் தெரிந்தது. சளியில் கிருமி கிடைத்ததோ 2 முதல் 8 பேருக்குத்தான். நிழல் கிருமியின் பெயரைச் சொல்வதில்லை. சளிதான் சொல்லும். இன்று மரபணுச் சோதனை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் விடை தந்துவிடுகிறது.

அப்படியானால் எக்ஸ்ரே வீணா? இல்லவே இல்லை. 2019-21 தேசியக் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் இருமல் போன்ற அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் நோயாளிகளில் 42.6 சதவீதத்தினர் தப்பிப் போயிருப்பார்கள். இருமாதவருக்கும் நிழல் உண்டு. யாரைச் சோதிக்க வேண்டும் என்று எக்ஸ்ரே காட்டுகிறது. என்ன நோய் என்று சளி சொல்கிறது.

"அப்பாவை எங்கேயாவது ஆஸ்பத்திரியில் அடைத்துவிடுவார்களா சார்?" என்றான் பையன். அந்தக் கேள்விக்குச் சென்னையிலேயே விடை கண்டிருக்கிறார்கள். சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆய்வு மையத்தில், ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு நெருக்கடியான ஏழை வீடுகளிலேயும் ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயையும் சளியையும் கொண்டு ஒப்பிட்டதில், வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தனர். 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது.

மறுநாளே தந்தையின் சளியைச் சோதித்தார்கள். கிருமி இருந்தது. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்த மாத்திரைகளை வீட்டிலிருந்தபடியே ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டார். பிறகு எடுத்த படத்திலும் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தது. பையன் மீண்டும் ஓடிவந்தான். சளியில் கிருமி இல்லை; அது தழும்பு. இரண்டு படங்களையும் ஒரே உறையில் போட்டுப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். அடுத்த முறை யாரேனும் அந்தக் கோட்டைப் பார்த்துத் திகைத்தால், பழைய படம் பதில் சொல்லும்.