அப்பாவின் பதினேழு டேப்புகள்

கேள்வி:

என் அப்பா கும்பகோணத்தில் 1997 முதல் 2005 வரை டிடிபி சென்டர் வைத்திருந்தார். தல வரலாறு, திருமண மலர், உள்ளூர்க் கவிஞர்களின் புத்தகம் என்று அவர் அடித்துக் கொடுத்ததெல்லாம் 17 டேப்பில் பேக்கப்பாக இருக்கிறது. ஆடியோ கேசட்டைவிடச் சின்ன டேப். பெரும்பாலானவற்றில் ‘டிடிஎஸ்-2, 120 மீ’ என்று அச்சிட்டிருக்கிறது. ஹெச்பி ஷூர்ஸ்டோர் டேட்24 என்ற வெளி டிரைவும் அட்டைப்பெட்டியில் அப்படியே உள்ளது. பின்பக்கம் 50 பின் வாய் இரண்டு. அதை மாட்டியிருந்த விண்டோஸ் என்டி கம்ப்யூட்டர் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. இப்போது என்னிடம் இருப்பது சென்ற வருடம் வாங்கிய லேப்டாப்தான். “ஸ்கஸி டு யூஎஸ்பி கேபிள் 600 ரூபாய், மாட்டினால் ஓடும்” என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? “விண்டோஸோடு வந்த பேக்கப் புரோகிராமில்தான் எடுத்தேன்” என்கிறார் அப்பா. அவர் பார்க்கும்படி ஒரு புத்தகத்தையாவது திறந்துவிட ஆசை.

– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

அந்த 600 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும். அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெறும் பின் மாற்றி. உங்கள் டிரைவின் 50 பின் வாய் ஸ்கஸி ரகம். ஸ்கஸியின் பேச்சு வேறு, யூஎஸ்பியின் பேச்சு வேறு. நடுவில் ஒரு சிப் உட்கார்ந்து பெயர்த்துச் சொன்னால்தான் ஒன்றுக்கொன்று புரியும். அப்படிச் சிப் வைத்த மாற்றிகளும் ஒரு காலத்தில் விற்றன. அடாப்டெக்கின் யூஎஸ்பி2எக்ஸ்சேஞ்ச் அவற்றில் ஒன்று. ஆனால் அது எக்ஸ்பி காலத்து டிரைவர் மென்பொருளை நம்பிய சாதனம். இன்றைய லேப்டாப்பில் அதை ஓடவைக்கச் செலவாகும் ராத்திரிகளுக்கு அது ஈடாகாது.

“பேசாமல் யூஎஸ்பி டேப் டிரைவ் ஒன்று வாங்கிவிடுங்கள்” என்றும் யாராவது சொல்வார்கள். டேட்72, டேட்160 டிரைவ்கள் யூஎஸ்பியோடும் வந்தது உண்மைதான். ஆனால் டேட்72 படிப்பதாகச் சொல்வது டிடிஎஸ்-3, டிடிஎஸ்-4 டேப்புகளை. டேட்160 இறங்கிவருவது டிடிஎஸ்-4 வரைக்கும்தான். உங்கள் டிடிஎஸ்-2 இரண்டு கணக்கிலும் வராது.

கையில் இருக்கும் டிரைவை நான் விடச் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த ரகத்தில் சுழலும் உருளையில் பதித்த ஹெட், டேப்பின் மேல் சாய்வாகக் கோடு போட்டு எழுதும். டிடிஎஸ்-2-இல் ஒரு கோட்டின் அகலம் சுமார் 9 மைக்ரான். ஒரு தலைமுடியின் குறுக்கே ஏழெட்டுக் கோடு அடங்கிவிடும். எழுதிய டிரைவின் உருளை இம்மியளவு சாய்ந்திருந்தாலும் அந்தச் சாய்வோடுதான் எல்லாம் பதிவாகியிருக்கும். வேறு டிரைவ் ‘படிக்க முடியவில்லை’ என்று துப்பிய டேப்பை எழுதிய டிரைவே மளமளவென்று படித்துக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். டேட்24 என்பது டிடிஎஸ்-3 டிரைவ். டிடிஎஸ்-2-ஐ அது தாராளமாகப் படிக்கும். டிரைவின் மேல் எழுதியிருக்கும் 24 ஜிபியைப் பார்த்து மலைக்க வேண்டாம், பாதி அழுத்திய கணக்கு. உண்மையில் 12. உங்கள் 120 மீட்டர் டேப் ஒவ்வொன்றும் 4 ஜிபி. பதினேழும் சேர்ந்தாலும் இன்றைய பென் டிரைவ் ஒன்றில் இடம் மிச்சமிருக்கும்.

பழைய டிரைவையும் புது லேப்டாப்பையும் நேராக முடிச்சுப் போட நினைப்பதில்தான் எல்லோரும் சிக்குகிறார்கள். இரண்டு பக்கமும் பழக்கமுள்ள ஓர் ஆளை நடுவில் வையுங்கள். 2005-க்கும் 2010-க்கும் இடையில் வந்த மேசைக் கம்ப்யூட்டர் அதற்குத் தோதானது. மதர்போர்டில் பழைய பிசிஐ ஸ்லாட் இருக்கும். யூஎஸ்பியும் நெட்வொர்க் வாயும் இருக்கும். ஒரு பக்கம் அப்பாவின் காலம், மறுபக்கம் உங்கள் காலம். கோர் 2 டுயோ போதும். இப்படிப்பட்டவை இன்னும் பல அலுவலகங்களில் மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. கேட்டாலே கொடுத்துவிடுவார்கள்.

அதில் செருக ஒரு ஸ்கஸி கார்டு வேண்டும். சென்னை ரிச்சி தெருப் பக்கம் போனால் பழைய சாமான் கடைகளில் அடாப்டெக் 2940 என்று கேட்டுப் பாருங்கள். வெறும் 2940, 2940யூ என்றால் வெளி வாய் 50 பின்தான். ‘யூடபிள்யூ’ என்று முடிந்தால் 68 பின், அதற்கு 68-இலிருந்து 50-க்கு இறங்கும் கேபிள் தேவைப்படும். ஒன்றில் மட்டும் கவனம்: 2944 என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் அது உயர் மின்னழுத்த டிஃபரென்ஷியல் ரகம். உங்கள் டிரைவைச் சுட்டுவிடக்கூடும்.

கார்டு, கேபிள் இரண்டையும் வாங்கியவர்கள் மறந்துவிட்டு வருவது டெர்மினேட்டரை. டிரைவின் பின்னால் இரண்டு வாய் என்று எழுதியிருக்கிறீர்களே, ஒன்றில் கேபிள் போகும், மற்றொன்றில் இந்த மூடி. ஸ்கஸி வரிசையின் இரண்டு முனையும் அடைபட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து குழப்பும். கார்டு தன் பக்கத்து முனையைத் தானே அடைத்துக்கொள்ளும், டிரைவ் பக்கத்தை நீங்கள்தான் அடைக்க வேண்டும். டெர்மினேட்டர் இல்லையென்றால் டிரைவ் கண்ணிலேயே படாது என்று பலர் நினைக்கிறார்கள். படாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. சில சமயம் நன்றாகத் தெரியும், ஒரு மணி நேரம் படிக்கவும் செய்யும், பிறகு எரர் கொட்டும். ஒருமுறை ஒரு கடையில் “இதற்கு டெர்மினேட்டரே தேவையில்லை சார்” என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள். டேப்தான் கெட்டுவிட்டது என்று இரண்டு ராத்திரி நான் துக்கம் கொண்டாடினேன்.

டிரைவின் பின்னால் அதன் ஸ்கஸி எண்ணை மாற்றும் சின்னச் சுவிட்ச் இருக்கும். 7 கார்டுக்கு உரியது, அது தவிர எதை வேண்டுமானாலும் வையுங்கள். யூஎஸ்பி மாதிரி ஓடும்போதே பிடுங்கி மாட்டும் பழக்கம் இங்கே ஆகாது. இரண்டையும் அணைத்துவிட்டு மாட்டி, முதலில் டிரைவ், பிறகு கம்ப்யூட்டர் என்று போடுங்கள். திரையில் அடாப்டெக் பெயர் ஓடும்போது கண்ட்ரோலும் ஏ-யும் சேர்த்து அழுத்தினால் கார்டின் மெனு வரும். அதில் டிரைவின் பெயர் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

உடனே டேப்பை உள்ளே தள்ளிவிடாதீர்கள். காவிரிக் கரை ஈரம் பொல்லாதது. ஒவ்வொரு டேப்பின் ஜன்னலையும் வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடியோ சிலந்தி வலை போன்ற இழையோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்த டேப் உள்ளே போனால் ஹெட்டையும் கெடுத்து, பின்னால் வரும் டேப்புகளுக்கும் ஒட்டும். அதைத் தனியே வைத்து, டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுங்கள். மற்றவற்றை ஒருநாள் முழுக்க ஈரமில்லாத அறையில் வைத்திருங்கள். டேப்பின் முதுகில் உள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளித் துளை தெரியும்படி வைத்தால் எழுத முடியாது, படிக்க மட்டும்தான். பதினேழுக்கும் இதைச் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

டிரைவும் இத்தனை வருடம் தூங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் ரப்பர் உருளை இளகிப் பிசுபிசுத்திருந்தால் டேப்பை இழுத்துக்கொண்டு விடாது. ஆகவே போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய ஒரு டேப்பை முதலில் பலி கொடுங்கள். எது என்று அப்பாவைக் கேளுங்கள். சின்ன சென்டர்களில் வாராவாரம் முழு பேக்கப் எடுப்பார்கள், ஒரே புத்தகம் நாலைந்து டேப்பில் இருக்க நல்ல வாய்ப்புண்டு. சுத்தம் செய்யச் சொல்லும் விளக்கு மினுக்கினால் கிளீனிங் கேசட் ஒருமுறை போடுங்கள். ஆசைக்குப் பத்து தடவை போட்டால் ஹெட்தான் தேயும்.

இனி படிப்பது. அப்பா பயன்படுத்தியது என்டிபேக்கப். விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. பிறகு தந்த மீட்புக் கருவியும் ஹார்டு டிஸ்கில் உள்ள பேக்கப் கோப்பைத்தான் திறக்கும், டேப்பைத் தொடாது. நடு ஆள் கம்ப்யூட்டரில் எக்ஸ்பி போட்டால் என்டிபேக்கப் அதிலேயே இருக்கிறது, இந்தக் கார்டையும் எக்ஸ்பிக்குத் தெரியும். அது ஒரு வழி. இன்டர்நெட்டில் மட்டும் அந்த எக்ஸ்பியை இணைக்காதீர்கள். “புது டேப்பா, தயார் செய்யவா?” என்கிற பாணியில் அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தாழ்ப்பாள் காப்பாற்றும் என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

என் கை போவது லினக்ஸுக்கு. ரப்பர் எத்தனை ஓட்டம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் டேப்பில் இருப்பதை அர்த்தம் பார்க்காமல் அப்படியே ஒரே ஓட்டத்தில் ஹார்டு டிஸ்குக்கு இறக்கிவிட வேண்டும், பிரித்துப் பார்ப்பதைப் பிறகு சாவகாசமாகச் செய்யலாம். லினக்ஸில் டிரைவுக்கு இரண்டு பெயர் இருக்கும்: எஸ்டி0, என்எஸ்டி0. முதல் பெயரில் கூப்பிட்டால் ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும், நீங்கள் முதல் துண்டையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவதுதான் விட்ட இடத்தில் நிற்கும். எம்டி கட்டளையால் பிளாக் அளவை 0 என்று வைத்து, டிடி கட்டளையில் 64 கே அளவு கொடுத்து, டேப் முடியும்வரை துண்டு துண்டாக எடுங்கள். ஒரு டேப்புக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் பிடிக்கும். எரர் வந்தால் அதே இடத்தில் போட்டுத் தேய்க்காமல் குறித்துவைத்துவிட்டு அடுத்த டேப்புக்குப் போங்கள். எடுத்த துண்டுகள் மைக்ரோசாஃப்ட் டேப் ஃபார்மட்டில் இருக்கும். எம்டிஎஃப்டார் என்ற சின்னப் புரோகிராம் அதைச் சாதாரண டார் கோப்பாக மாற்றித் தரும். டிரைவை அணைத்துவிட்டு அந்த வேலையை லேப்டாப்பிலேயே பார்க்கலாம்.

புத்தகங்கள் அநேகமாக பேஜ்மேக்கரில் இருக்கும். இன்டிசைன் சிஎஸ்6 வரை உள்ள பதிப்புகள் பேஜ்மேக்கர் 6, 6.5, 7 கோப்புகளைத் திறக்கும், அதற்குப் பிறகு வந்தவை திறக்காது. திறந்தாலும் முதல் பக்கத்தைப் பார்த்ததும் உங்களுக்குப் பகீரென்று இருக்கலாம். அது யூனிகோடுக்கு முந்திய தமிழ். எழுத்து கோப்பில் இல்லை, ஃபாண்டில் இருக்கிறது. பாமினியில் அடித்த ‘அம்மா’ கோப்பில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். அப்பா எந்த ஃபாண்டில் அடித்தாரோ அதே ஃபாண்ட் வேண்டும். ஒரே பெயரில் வேறு வேறு ஆட்கள் விட்ட ஃபாண்டுகளும் உண்டு, ஆகவே எங்கிருந்தோ இறக்கியது பொருந்தும் என்று நம்ப முடியாது. புத்தகத்தைத் தேடும் முன் முழு பேக்கப் உள்ள டேப்பில் ‘வின்என்டி’ என்ற ஃபோல்டரையும், அதற்குள் ‘ஃபாண்ட்ஸ்’ என்பதையும் தேடி எடுங்கள். அப்பா சி டிரைவையும் சேர்த்து பேக்கப் எடுத்தாரா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். எடுத்திருந்தால் அந்த டேப்பை முதல் பலிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.