புழு குளவியாகுமா?

"கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் அப்பத்தாவும் சொல்லும். நானும் நம்பினேன். அது உண்மையா? படியுங்கள்.

எங்கள் வீட்டு உத்திரத்தில் ஒரு மண்குளவி கூடு கட்டியது. ஒட்டடை அடிக்கும்போது உடைக்கப் போனேன். "அடியே, கலைக்காத! அக்கா மாசமா இருக்கா. குளவி கூடு கட்டினா வீட்டுல பிள்ளைச் சத்தம் கேக்கும்" என்று அப்பத்தா தடுத்துவிட்டது. அதனால் தினமும் கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூட்டுக்குள் நடப்பது என்ன? (அறிவியல் சார் சொன்னது)

1. தாய்க் குளவி ஈரமண்ணை உருட்டி வந்து அறை கட்டும்.

2. சிலந்திகளைக் கொட்டி மயக்கும், சாகடிக்காது. அவற்றை அறையில் அடைத்து, ஒரு சிலந்தி மேல் ஒரு முட்டை இட்டு, மண்ணால் மூடிவிடும். (சில வகைக் குளவிகள் சிலந்திக்குப் பதில் பச்சைப்புழுவைக் கொண்டுவரும்.)

3. முட்டையிலிருந்து வரும் குளவிப்புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளரும். பிறகு கூட்டுப்புழு. பிறகு குளவி.

ஆகவே கொட்டிய புழு குளவி ஆவதில்லை. அது குளவிக் குஞ்சுக்குச் சாப்பாடு!

ஆனால் எங்கள் கூட்டிலிருந்து முதலில் வந்தது மண்குளவியே இல்லை! பொன்வண்டு மாதிரி நீலப்பச்சையாய் மின்னும் ஒரு பூச்சி. தம்பி பயந்துபோய் விளக்கமாற்றால் ஒரே போடு போட்டான். அது பந்து மாதிரி சுருண்டு விழுந்தது. செத்துப்போச்சே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் உடம்பை விரித்து, ஜிவ்வென்று பறந்துபோச்சு!

சாரிடம் கேட்டேன். "அது குயில் குளவி" என்றார். நம் நாட்டில் உள்ள பெரிய வகையின் அறிவியல் பெயர் ஸ்டில்பம் சயனூரம். குயில் காக்கா கூட்டில் முட்டையிடும் அல்லவா? இதுவும் மண்குளவி மூடிய அறையில் ஓட்டை போட்டு முட்டை வைத்துவிடும். மண்குளவிப்புழு சிலந்திகளைத் தின்று கொழுத்ததும், குயில் குளவிப்புழு அதையே தின்றுவிடும். குயில் குளவியின் உடம்பு ஓடு போலக் கெட்டி. சுருண்டுகொண்டால் மண்குளவி கொட்டினாலும் கொடுக்கு இறங்காது. நம்மை அது கொட்டாது.

மற்ற அறைகளிலிருந்து மண்குளவிகள் வந்தன. அப்பத்தாவிடம் எல்லாம் சொன்னேன். "எதுவா இருந்தா என்ன, ஒரு உசுரு பொறந்துச்சுல்ல" என்றது.

நண்பர்களே! நம் வகுப்பு ஜன்னலிலும் ஒரு கூடு இருக்கிறது. கல்லெறியாதீர்கள். உள்ளே வளர்வது யார் என்று பொறுத்திருந்து பார்ப்போம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி