யார் எதைக் கொண்டுவருவது?

ஒரு தொண்டு நிறுவனமும் ஒரு வியாபார ஸ்தாபனமும் சேர்ந்து காரியம் செய்ய முற்படும்போது, நன்கொடைப் பேச்சு எழுவதற்கு முன்பே, பணத்தைத் தவிர எதிரிலிருப்பவரிடம் வேறென்ன இருக்கிறதென்று இரு தரப்பாரும் விசாரித்து அறிந்துகொள்வது அவசியம் என்பதை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் கண் சிகிச்சை முகாம்களுக்கு ஏற்பாடு செய்யும் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டிருந்த நான் அனுபவ பூர்வமாகக் கண்டிருக்கிறேன்.

1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம் முறையே இதற்குத் தக்க உதாரணம். நோட்டீஸ் அடித்து, ஒலிபெருக்கி கட்டி ஊரூராக அறிவித்து, பள்ளிக்கூடத்தில் இடம் பிடிக்கும் பொறுப்பை உள்ளூர் அரிமா சங்கமோ வியாபாரிகளோ மில்லோ ஏற்க, பரிசோதனையும் அறுவையும் மருத்துவமனையைச் சேர்கின்றன. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் அயல்நாட்டிலிருந்து வந்து ஏழைக்கு எட்டாத விலையில் விற்ற காலத்தில், அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை முதலியோரின் சகாயத்தோடு 1992-இல் அரவிந்தின் லென்ஸ் தொழிற்சாலையான ஆரோலேப் தோன்றியது. லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள முதலாளிகள் எவருமின்றி, ஆயினும் சரக்கை விற்றே தன் காலில் நிற்கிற அந்தத் தொழிற்சாலை விலையைப் பெருமளவு தாழ்த்தியிராவிட்டால், ஊராரின் உழைப்பும் மருத்துவரின் கைத்திறனும் இத்தனை ஏழைகளுக்குப் பிரயோஜனப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

ஆகையால் ஒரு மில்லுக்குப் போனால் நான் முதலில் கேட்பது காசோலையன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா நிற்கும் பஸ்ஸையும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தெரிந்த மேஸ்திரிகளையும், நூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கேன்டீனையுமே கேட்கிறேன். எந்த வாரம் அறுவடை, எந்த நாள் சந்தை என்பதை உரக்கடைக்காரர் அறிந்த அளவுக்கு எங்கள் அலுவலகத்தில் எவரும் அறியமாட்டார். முகாம் தேதியை அவரைக் கேட்டே குறிப்பது உத்தமம்.

இனிப் பணத்தைக் கேட்கும் விஷயத்துக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென்கிறது. இந்தப் பணத்தை நாடுவோர் வருமான வரிச் சட்டப்படி தொண்டு நிறுவனங்களுக்குரிய பதிவுகளையும், கம்பெனிகளின் சமூகப் பணிப் பணத்தைப் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்.-1 எண்ணையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, திட்டம் வகுக்கப்படும் ஏப்ரல், மே மாதங்களில் போவது நலம். மார்ச் கடைசியில் அவசரமாகக் கிடைக்கும் பணத்தில் யோசனைக்கு இடமிராது. தொடர்திட்டமாக ஏற்கச் செய்தால் சில ஆண்டுகளுக்கு நிலையான துணை கிட்டும்.

ஒப்பந்தத்தில் சில்லறை விஷயங்களையும் எழுதிவிட வேண்டும். ஒரு நிறுவனத்தார், தங்கள் பிரமுகர் வந்து குத்துவிளக்கு ஏற்றும்வரை பரிசோதனை தொடங்கலாகாதென்று சொல்லிவிட, விடியற்காலையில் புறப்பட்டு வந்திருந்த முதியவர்கள் உச்சிவெயில்வரை காத்திருந்ததைப் பார்த்து மனம் வெதும்பினேன். அன்று முதல், விழா எப்போது நடந்தாலும் காலை எட்டு மணிக்குப் பரிசோதனை தொடங்கும் என்ற வாசகமில்லாத ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திடுவதில்லை. அறுவை முடிந்து ஒரு மாதம் கழித்து நடக்கும் மறுபரிசோதனைக்கு நோயாளிகளை யார் அழைத்துவருவது, அந்த பஸ் செலவு யாருடையது என்பதையும் அதிலேயே குறித்துவிடுகிறோம். கம்பெனி அதிகாரிகளை நாங்கள் வருந்தி அழைப்பதும் அந்த மறுபரிசோதனை நாளுக்குத்தான்.