தெரிந்தே எடுத்து வைக்கும் அடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். உன் ப்ராஜெக்டைப் பற்றி நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். இன்றைக்கு நடக்கிற கதையாக ஒரு நுவார் படம், அதாவது இருண்ட குற்றப் படம், அதில் முதல் இரண்டு நிமிடம் மட்டும் எடுக்க வேண்டும். ஐந்து பேர் குழு, ஒரு கேமரா, இரண்டு எல்இடி லைட். செலவுக்குப் பெரிதாகக் காசில்லை. எந்த லென்ஸ், எத்தனை லைட், கறுப்பு வெள்ளையா கலரா என்று கேட்டாய். லைட் யூனிட்டோடு நின்றே வயதான எனக்கு இதற்கெல்லாம் பதில் சொல்வதில் சந்தோஷம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் போட்டிருக்கும் ஷாட் பட்டியலைப் பார்த்தேன். மழை இருக்கிறது, நீளக் கோட்டு இருக்கிறது, தொப்பி, சிகரெட் புகை, துப்பாக்கி எல்லாம் இருக்கிறது. ஆள்தான் இல்லை. அந்தக் கோட்டுக்குள் இருப்பவன் யார், அவனுக்கு என்ன வேண்டும், அதற்காக எதுவரை போகத் துணிவான் என்று ஒரு வரிகூட இல்லை. நுவார் படத்தின் உயிர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது பாப்பா. தப்பு என்று தெரிந்தும் ஒருவர் ஓர் அடி எடுத்து வைக்கிறார். திரும்பிப் போக வழி இருக்கிறது, ஆனால் போகவில்லை. அந்த அடியைக் காட்டிவிட்டால் பட்டப்பகலில், பூப்போட்ட சட்டை போட்டவனை வைத்து எடுத்தாலும் அது நுவார்தான். அது இல்லாவிட்டால் எவ்வளவு இருட்டு வைத்தாலும் அங்கே எதுவும் நடக்காது.

இந்தப் படங்கள் பிறந்த கதையைப் பார்த்தாலே இது விளங்கும். பில்லி வைல்டர், ராபர்ட் சியோட்மாக், ஃபிரிட்ஸ் லாங் போன்றவர்கள் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு ஓடி, கடைசியில் ஹாலிவுட்டில் தஞ்சம் புகுந்தவர்கள். ஜெர்மன் ஊமைப்படங்களின் கூர்மையான நிழல் அவர்களோடு வந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் எம். கெய்ன், ரேமண்ட் சாண்ட்லர் போன்றவர்களின் குற்றக் கதைகள் ஏற்கெனவே இருந்தன. சாதாரண மனிதன் ஆசைப்பட்டுக் குழியில் விழும் கதைகள் அவை. இரண்டும் சேர்ந்தன. போர் முடிந்து அந்தப் படங்கள் பாரிசுக்கு வந்தபோது, 1946ல் நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அவற்றை நுவார் என்று அழைத்தார். கதையில் இருந்த மனிதர்களுக்குப் பொருந்தியதால்தான் நிழல் அங்கே வந்தது.

இனி சில தொடக்கங்களை மட்டும் பார். முழுப் படம் பிறகு பார்க்கலாம். 1944ல் வந்த 'டபுள் இண்டெம்னிட்டி'யில் ராத்திரி நேரம் ஒரு கார் லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் தறிகெட்டு வருகிறது. குண்டடிபட்ட இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவன் தன் அலுவலகத்துக்குள் நுழைந்து, டிக்டஃபோன் என்ற குரல் பதிவுக் கருவி முன்னால் உட்கார்ந்து, கொலை செய்தது தான்தான் என்று பேச ஆரம்பிக்கிறான். யார் கொன்றது என்பது ஆரம்பத்திலேயே முடிந்துபோன விஷயம். ஏன் செய்தான் என்பதற்காகத்தான் நாம் மிச்சப் படத்தையும் பார்க்கிறோம். 1950ல் வந்த 'சன்செட் பொலிவார்ட்' நீச்சல் குளத்தில் மிதக்கும் பிணத்தோடு தொடங்குகிறது, கதை சொல்வதும் அந்தப் பிணமாகக் கிடப்பவன்தான். அதே காலத்து 'டி.ஓ.ஏ.' படத்தில் ஒருவன் நீண்ட தாழ்வாரம் முழுக்க நடந்து போய்ப் போலீஸிடம் ஒரு கொலையைப் பற்றிப் புகார் கொடுக்கிறான். கொல்லப்பட்டது யார் என்று கேட்டால், தான்தான் என்கிறான். 1954ல் நம் ஊரில் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்', போர்க்காலச் சென்னையில் வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்படுவதில் ஆரம்பிக்கிறது. பாட்டு ஒன்றுகூட இல்லாத படம். ராஜனாக வரும் நாயகன் சிவாஜி முதல் காட்சியிலேயே செத்துப்போகிறார். இந்த நாலு படமும் முடிவை முன்னாலேயே கொடுத்துவிட்டு, 'இவன் எங்கே வழி தவறினான்' என்ற கேள்வியை நம் மடியில் வைக்கின்றன. உன் இரண்டு நிமிடமும் அப்படி ஒரு கேள்வியை வைக்க வேண்டும்.

'டச் ஆஃப் ஈவில்' (1958) தொடக்கத்தை உன் நண்பர்கள் கட்டாயம் காப்பியடிக்க ஆசைப்படுவார்கள். கிரேன் மேல் கேமரா மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டாமல் போகும் ஷாட் அது. கிரேனை விட்டுவிடு, அதன் உள்ளே இருப்பதை எடுத்துக்கொள். கார் டிக்கியில் குண்டு வைத்ததை நாம் பார்த்துவிட்டோம், காரில் போகிறவர்களுக்குத் தெரியாது. அந்தப் பதற்றத்துக்குக் காசு செலவாகாது.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். கேமராவைத் தொடாமல் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியம் எழுது. 'இன்னார், இன்ன காரணத்துக்காக, தப்பு என்று தெரிந்தே, இதைச் செய்கிறார்.' உதாரணம் சொல்கிறேன். அடகுக் கடையில் கணக்கு எழுதும் ஒரு பெண். அப்பாவின் ஆபரேஷனுக்குப் பணம் கட்ட நாளைதான் கடைசி நாள். கடை சாத்தும் நேரத்தில் தன் கையாலேயே சிசிடிவி சுவிட்சை அணைக்கிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் சுவிட்சை நோக்கிப் போன கை ஒரு தடவை திரும்பி வர வேண்டும். அவள் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போக வேண்டும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மறுபடி உள்ளே வர வேண்டும். அப்படித் திரும்பி வருவதுதான் உன் படம். முதல் தடவையே அணைத்துவிட்டால் அது திருட்டுக் காட்சி. போய்த் திரும்பி வந்து அணைத்தால்தான் நுவார். இதை நீ எடுத்துக்கொள்ளாதே, உனக்குத் தெரிந்த ஓர் இடத்திலிருந்து ஒன்றைத் தேடு.

இன்றைய கதை என்பதை மறந்துவிடாதீர்கள். கோட்டும் தொப்பியும் அமெரிக்க ஆட்கள் அந்தக் காலத்தில் தினமும் போட்ட உடை, வேஷம் இல்லை. நம் ஆளுக்கு அவன் தினமும் போடுவதைப் போடு. ரியான் ஜான்சன் 2005ல் 'பிரிக்' எடுத்தபோது பழைய துப்பறியும் கதையைத் தான் படித்த உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார். அதன் தொடக்கத்தில், தண்ணீர் ஓடும் சுரங்க வாயில் ஒரு பையன் குந்தியிருக்கிறான், எதிரே பெண்ணின் உடல். அவன் பள்ளி மாணவன், ஆனாலும் நுவாரின் நாயகன். டிக்டஃபோன் இருந்த இடத்தில் இன்றைக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு இருக்கிறது. பேசி முடித்த பிறகும் அனுப்பாமல் அழிக்க முடியும். விரல் அந்த இடத்தில் நிற்பதையே ஒரு காட்சியாக வைக்கலாம். காட்டிக்கொடுப்பதற்கு நீலக் குறி, லொகேஷன், யுபிஐ ரசீது என்று எத்தனையோ இருக்கிறது. தெருமுனை இன்ஃபார்மர் இனி வேண்டாம்.

சரி, லைட்டுக்கு வருகிறேன். புதிதாக எடுப்பவர்கள் இருட்டு வேண்டும் என்று எக்ஸ்போஷரைக் குறைத்துவிடுகிறார்கள். எடிட்டில் தூக்கினால் திரை முழுக்க நாய்ஸ். முகத்தின் ஒரு பக்கத்துக்குச் சரியான வெளிச்சம் கொடு, மற்ற பக்கத்தைத் தொடாமல் விடு. ஃபில் லைட் வேண்டாம். சுவர் வெள்ளையாக இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே நிழலைக் கெடுத்துவிடும், அந்தப் பக்கம் கறுப்புத் துணி கட்டு. 'டபுள் இண்டெம்னிட்டி'யில் வெனிஷியன் பிளைண்ட் நிழல் கோடு கோடாக விழும். நம் வீட்டில் அதைவிட நல்லது இருக்கிறது, ஜன்னல் கம்பி. லைட்டை ஜன்னலுக்கு வெளியே, இடம் இருக்கும் அளவுக்குத் தள்ளி வை. முன்னால் எந்தத் துணியும் டிஃப்யூஷனும் போடாதே. வெளிச்சம் வரும் இடம் சின்னதாகவும் தூரமாகவும் இருந்தால்தான் கம்பி நிழல் கத்தி மாதிரி விழும். கிட்டே கொண்டுவந்தால் மங்கிவிடும். 'டபுள் இண்டெம்னிட்டி'யின் ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ், வெளிச்சக் கீற்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று காற்றில் அலுமினியத் துகளை ஊதவிட்டார். நீ அதைச் செய்யவே கூடாது. கொஞ்சம் சாம்பிராணி போதும். குழுவில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் அதுவும் வேண்டாம்.

இன்னும் சில விவரம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஆகவே நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வைத்தால் டியூப்லைட் மினுக்கல் பெரும்பாலும் வராது. மலிவான எல்இடி பல்பு அப்போதும் மினுக்கலாம், அந்த இடத்திலேயே டெஸ்ட் எடுத்துப் பார். இருட்டறையில் கேமராத் திரை பளிச்சென்று தெரிந்து ஏமாற்றும், ஹிஸ்டோகிராமை நம்பு. கலரிலேயே எடுங்கள். 'சைனாடவுன்' (1974) கலரில், பெரும்பாலும் வெயிலில் எடுத்த நுவார். கலரில் எடுத்ததை எடிட்டில் கறுப்பு வெள்ளையாக்கினால் லைட்டிங் தவறு மறையாது, எல்லாம் சாம்பலாகத் தெரியும்.

கார் காட்சி வேண்டும் என்றாயே, காரை ஓட்டாமலே எடுக்கலாம். ராத்திரி காரை வீட்டு வளாகத்துக்குள் நிறுத்து. பின்னால் கறுப்புத் துணி. வைப்பரைப் போடு. செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரேயரால் ஒருவர் கண்ணாடியில் அடிக்கட்டும். இன்னொருவர் பம்பரை மெல்ல அழுத்தி விடட்டும். நம் ஊரில் எதிரே வரும் வண்டி ஓட்டுநரின் வலப்பக்கமாகத்தான் கடக்கும். அதனால் டார்ச்சைப் பிடிப்பவர் முன்னால் தூரத்திலிருந்து ஆரம்பித்து, வேகமாக வலப்பக்கம் நடந்து தாண்ட வேண்டும். வெளிச்சம் முதலில் ஓட்டுகிறவளின் முகம் முழுக்க ஏறி, வலது கன்னத்தில் வழுக்கி, காதைத் தொட்டு மறைய வேண்டும். மறைந்த பின் வரும் அந்த ஒரு நொடி இருட்டில் அவள் கண்ணை மூடித் திறந்தால், அடுத்த வெளிச்சத்தில் முகம் மாறியிருக்கும். டைட்டில் பெயர்களையும் அந்த இருட்டில் போடுங்கள். தனியாக டைட்டில் கார்டுக்கு நேரம் வீணாகாது.

சத்தத்தில்தான் மாணவர் படங்கள் பெரும்பாலும் தோற்கின்றன. ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் அணைத்துவிட்டு எடு. ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்து வை, எடிட்டில் அதுதான் ஒட்டுப் போடும். கடை ஷட்டர் இறங்கும் சத்தம், சுவிட்ச் சத்தம் ஆகியவற்றை மைக்கைக் கிட்டே வைத்துத் தனியாக எடு. சினிமாப் பாட்டின் பின்னணி இசையை எடுத்துப் போடாதே. வாசிக்கத் தெரிந்த தோழி இருந்தால் ஒரே ஒரு வாத்தியம் போதும்.

பெண் பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் ஆண் கெட்டுப்போவதற்குப் பெண்தான் காரணம் என்று பழி விழும். நீ எழுதும்போது அவளுக்கும் அந்த ஒரு வாக்கியத்தை எழுது. அவளுக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரியாவிட்டால் அவளைக் காட்சியில் வைக்காதே.

காசு இல்லை என்று கலங்காதே. கிறிஸ்டோபர் நோலன் முதல் படமான 'ஃபாலோயிங்'கை (1998) வேலைக்குப் போகும் நண்பர்களை வைத்து, சனிக்கிழமைகளில் கிட்டத்தட்ட ஒரு வருடம் எடுத்தார். கறுப்பு வெள்ளை 16 எம்எம். ஃபிலிம் விலை கட்டாது என்பதால் நாடகம் மாதிரி ஒத்திகை பார்த்துவிட்டு ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார். உங்களுக்கு மெமரி கார்டு இருக்கிறது, டேக் போய்க்கொண்டே இருக்கும். அதனாலேயே பலர் ஒத்திகையை விட்டுவிடுகிறார்கள். முதலில் போனில் முழுவதையும் எடுத்து, வெட்டிப் பார்த்துவிட்டு, பிறகு லைட்டை ஏற்றுங்கள்.

பெரியவன் என்ற முறையில் கண்டிப்பாகச் சொல்வது இது. பொது இடத்தில் பொம்மைத் துப்பாக்கிகூட வேண்டாம், பார்க்கிறவர்களுக்கு அது பொம்மை என்று தெரியாது. ரோட்டில் ராத்திரி எடுப்பதானால் கல்லூரிக் கடிதமும் காவல் நிலைய அனுமதியும் கையில் இருக்கட்டும். வீட்டுக்குப் போக எல்லாருக்கும் வண்டி உறுதியான பிறகுதான் ஷூட்டிங்கை ஆரம்பி. சமர்ப்பிக்கும் முன் கல்லூரிப் புரொஜெக்டரில் ஒரு முறை போட்டுப் பார், உன் லேப்டாப்பில் கறுப்பாகத் தெரிவது அங்கே சாம்பலாகத் தெரியும். முகமே தெரியாவிட்டால் நீ பட்ட பாடு யாருக்கும் போய்ச் சேராது.

உனக்குக் கண் இருக்கிறது பாப்பா, அது எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே ஒருவர் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய். நுவார் எடுக்க அந்தக் கண்தான் வேண்டும், மற்றவையெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. முதலில் அந்த ஒரு வாக்கியத்தை எழுதி எனக்கு அனுப்பு. அதைப் படித்துவிட்டு லைட் எங்கே வைப்பது என்று சேர்ந்து முடிவு செய்வோம். என்னிடம் பழைய கறுப்புத் துணியும் இரண்டு ஸ்டாண்டும் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
உன் பெரியப்பா