தராசு முத்திரை

மண்டபத்தூர்,
10.11.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய படங்களைப் பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் பெரிதாக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சாமான்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் படங்களுக்குக் கீழே போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருந்தாயே, தை பிறந்ததும் வேலையை விடப்போவதாகவும், பி.எஃப். பணத்தை எடுத்து இதையே முழுநேரமாகச் செய்யப்போவதாகவும், அதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். போனில் பேசினால் நான் சத்தம் போடுவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் காகிதம். உன் அப்பாவிடம் நீ இன்னும் சொல்லியிருக்க மாட்டாய். நானும் சொல்லவில்லை.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பார்த்த அந்த டீ செட். சென்னை மவுன்ட் ரோடு 'ஓர்' கம்பெனிச் சரக்கு என்று கடைக்காரர் சொன்னது உண்மையாக இருக்கலாம். சாமி உருவங்களைச் சுற்றிலும் புடைத்த அந்த வேலைப்பாட்டுக்கு, 1875-ல் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்துபோன பிறகு, துரைமார் வீடுகளில் ஒரே மோகம். ஆனால் அந்த உருவங்களை எப்படிச் செய்வார்கள்? தகட்டை உள்பக்கமிருந்து தட்டித் தட்டி வெளியே தள்ளுவார்கள். எங்கே அதிகம் தள்ளுகிறார்களோ அங்கே தகடு மெலிந்துவிடும். சாமியின் மூக்குதான் அதில் கடைசி எல்லை. வெள்ளிக்கிழமை தோறும் திருநீறு போட்டுத் தேய்க்கும் வீட்டில் நூறு வருஷம் இருந்தால் முதலில் காணாமல் போவது அதுதான். இரண்டாவது படத்தில் கிருஷ்ணனுக்கு மூக்கே இல்லை, கவனித்தாயா? அடுத்த முறை போகும்போது மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பார். மூக்குக்கு நேர் பின்னால் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு பொட்டு இருந்தால் ஓட்டையை ஈயத்தால் அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பின்னால் அதை ஒரு நல்ல பத்தரிடம் கொடுத்து ஒழுங்காகப் பற்றவைக்கச் சொன்னால், சூடு பட்டதும் அந்த ஈயமே சுற்றியுள்ள வெள்ளியைத் தின்றுவிடும். உன் மாமா கடையில் இருந்த நாளில் ஈயப் பற்று உள்ள சாமானை அடுப்பருகே கொண்டுவரவே விடமாட்டார்.

இன்னொன்று. அதன் வெளிப்பக்கம் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி ஜொலிக்கிறது, மடிப்புகளில் கறுப்பே இல்லை. பழைய வெள்ளி அப்படி இருக்காது. புதிதாக முலாம் போட்டிருக்கிறார்கள். நல்ல வெள்ளிக்கு எதற்கு வெள்ளி முலாம்? பிடி ஒட்டும் இடத்திலும் கீலிலும் செய்த பழுதை மறைக்கத்தான். அடியில் இருக்கிற கம்பெனிப் பெயரை நம்பி ஏமாறாதே, அது கடையின் பெயரே தவிர மாற்றுக்குச் சாட்சி இல்லை. வெள்ளைக்காரன் ஆட்சியில் இங்கே வெள்ளிக்கு அரசாங்க முத்திரை என்று ஒன்று இருந்ததில்லை. பி.ஐ.எஸ். முத்திரை வெள்ளிக்கு வந்ததே 2005-ல். ஆறிலக்க எண் சேர்ந்தது இந்தச் செப்டம்பரில், அதுவும் கட்டாயம் இல்லை. ஆகவே நம்மூர்ப் பழைய சாமான் எதுவானாலும் உரைத்துப் பார்க்காமல் தரம் சொல்ல முடியாது. உரைக்க விடாத கடைக்காரரிடம் வாங்காதே.

பன்னீர்ச் செம்பைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. அதை விட்டுவிடு. கழுத்துக்குக் கீழே பெயரைச் சுரண்டியிருக்கிறார்கள், அந்த இடத்தில் வாயால் ஊதினால் ஆவி படியும்போது எழுத்து நிழலாகத் தெரியும் என்று நினைக்கிறேன். அங்கே தகடு மெலிந்து, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். பெயர் வெட்டிய பாத்திரத்தைக் கஷ்டத்தில் விற்பவர்கள் பெயரோடுதான் விற்பார்கள், சுரண்டுகிறவர்களுக்குக் காரணம் வேறு. அதுவும் 'உபயம்' என்ற சொல்லின் கால் பகுதி எங்காவது மிச்சமிருந்தால், அந்தக் கடைப் படியை மறுபடி மிதிக்காதே. கோவில் சொத்து வீட்டுக்குள் வரக்கூடாது. சிலைக் கடத்தல் தடுப்புப் போலீஸ் வந்தால் மட்டும் என்ன, அவர்கள் வராவிட்டாலும்தான்.

இனி அந்தக் கரண்டி. '84' என்று அடித்திருக்கிறது, ரஷ்ய வெள்ளி, 875 தரம் என்று புத்தகம் பார்த்துக் கண்டுபிடித்ததாகப் பெருமையாக எழுதியிருக்கிறாய். ரஷ்யாவில் 84 என்றால் அப்படித்தான், 96-க்கு 84 பங்கு. ஆனால் பக்கத்தில் இருக்கிற சின்னச் சதுர முத்திரையைப் பார்த்தாயா? பிரான்ஸில் தயாரிப்பாளர் குறி சாய்சதுரத்துக்குள் இருந்தால் அது வெள்ளி, நேர்ச் சதுரத்துக்குள் இருந்தால் முலாம். கிறிஸ்தோஃபில் என்ற பிரெஞ்சு முலாம் கம்பெனியின் கரண்டியில் 84 என்பது ஒரு டஜன் கணக்குக்கு ஏற்றிய முலாமின் கிராம் எடை. ஒரே எண், ஒன்று தரம், இன்னொன்று மேல்பூச்சு. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை என்பது உனக்கே தெரியும்.

பட்டாளத்துச் சொல்தா தாத்தா சைகோனிலிருந்து கொண்டுவந்த கரண்டிப் பெட்டியைப் பற்றி உன் அப்பா எப்படிச் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். சண்டை பிடிக்காதவன், எல்லாவற்றையும் பாதி பாதி என்று சொல்லி முடித்துவிடுவான். பாதி பாதிதான். அப்பாயி திண்ணையில் தராசைக் கட்டி, கரண்டி, முட்கரண்டி எல்லாவற்றையும் இரண்டு தட்டிலும் ஏற்றி, முள் நேராக நின்றதும் கையெடுத்துக் கும்பிட்டாள். இரண்டு பிள்ளைக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் கொடுத்தேன் என்று சாகும்வரை சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும். சின்னத் தாத்தா பிரெஞ்சுக்காரன் காலத்தில் சுங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர். முந்தின நாள் ராத்திரியே லாந்தர் வெளிச்சத்தில் பிரித்து வைத்துவிட்டார். தலைக்கவசம் போட்ட பெண் முகம் அடித்ததெல்லாம் ஒரு கட்டு. அது மினெர்வா முத்திரை, 1838-லிருந்து பிரான்ஸில் அசல் வெள்ளிக்குப் போடுவது, முகத்தருகே 1 இருந்தால் 950, 2 இருந்தால் 800. மற்றது இன்னொரு கட்டு. அந்த இன்னொரு கட்டில் என்ன முத்திரை தெரியுமா? ஒரு குட்டித் தராசு. கிறிஸ்தோஃபில்காரன் அந்தக் காலத்தில் அதைத்தான் அடித்தான். எங்கள் அப்பாவுக்குத் தராசில் நிறுத்துத் தராசையே கொடுத்தார்கள்.

எடை சமம். எங்கள் அப்பாவும் சமமாக வாங்கிக்கொண்டதாக நினைத்தார். சின்னத் தாத்தா தன் பங்கை வைத்தாவது காப்பாற்றினாரா? 1980 தை மாசம் உருக்கிவிட்டார். மகள் கல்யாணத்துக்குக் கொலுசும் தாம்பாளமும். சைகோன் மேஜையில் யார் யாரோ சாப்பிட்ட கரண்டி, காரைக்கால் கடைத்தெருவில் ஒரு மூசையில் ஒரு மத்தியானத்தில் கட்டியாகிவிட்டது. கேட்டதற்கு, விலை நன்றாக வந்தது என்றார். இதைச் சொன்னால் பழங்கதை என்கிறீர்கள். சரி, பழங்கதைதான்.

ஆனால் அந்தத் தையில் விலை ஏன் நன்றாக வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கி வாங்கிச் சேர்த்து, 1980 ஜனவரியில் அவுன்ஸைக் கிட்டத்தட்ட 50 டாலருக்கு ஏற்றினார்கள். உலகம் முழுக்கப் பாட்டி வீட்டுத் தட்டும் கரண்டியும் மூசைக்குப் போயின. மார்ச் 27-ஆம் தேதி அதே வெள்ளி 11 டாலருக்கும் கீழே. உச்சத்தில் வாங்கியவன் அந்த விலை தாண்டியதைக் கண்ணால் பார்க்க 45 வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று, போன மாசம் வரைக்கும். சென்னையில் கிலோ இரண்டு லட்சத்தைத் தொட்ட அதே போன மாசம்தான் உனக்கும் வேலையை விடத் தோன்றியிருக்கிறது. உருக்கப் போகிறார்கள், நான் காப்பாற்றுகிறேன் என்கிறாய். நல்ல மனசு. ஆனால் உருக்கு விலை ஏறும்போது காப்பாற்றுகிறவள் அந்த விலைக்கு மேல் கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும். இறங்கும்போது அந்த நஷ்டம் யாருடையது?

வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்றால் நல்ல விலை என்று எழுதியிருந்தாய், பாரிஸ் சித்தப்பா வழியாகவாம். அவருக்கு வேறு வேலை இல்லை. 1972 தொல்பொருள் சட்டத்தைப் படித்தாயா? நூறு வயது ஆன கைவேலைப் பொருளைத் தனி ஆள் நாட்டைவிட்டு அனுப்பவே கூடாது, ஆறு மாசத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை. உள்ளூரிலேயே அப்படிப்பட்டதை வியாபாரமாக விற்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். நூறு வயது ஆகவில்லை என்றால் ஆகவில்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். சித்தப்பா சூட்கேஸில் சேலைக்கு நடுவே வைத்துக் கொண்டுபோகலாம் என்பார். அவரிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது, உன்னிடம் என்ன இருக்கிறது?

வேலையை விடுவதும் விடாததும் உன் இஷ்டம். நான் குறுக்கே நிற்க மாட்டேன். விட்டால், மாசம் பிறந்ததும் சம்பளம் வராது, பி.எஃப். பணம் அலமாரியில் கறுத்துக்கொண்டிருக்கும், ஒரு மூக்கில்லாத கிருஷ்ணனை யாராவது வாங்குவார்களா என்று நீ போனையே பார்த்துக்கொண்டிருப்பாய். விடாவிட்டால், சனி ஞாயிறில் கடை கடையாகப் போய்ப் பத்துச் சாமானைத் தொட்டு, ஒன்றை வாங்கி, நிம்மதியாகத் தூங்குவாய். இரண்டில் எது என்று நீயே யோசித்துக்கொள். படித்த பெண்.

சேர்ப்பதைச் சேர். அதற்கு நான் எதிரி இல்லை. பாரிஸிலேயே மூன்றாம் நெப்போலியன் தன் அரண்மனை விருந்துக்கு கிறிஸ்தோஃபில் முலாம் சாமான்தான் வைத்தானாம். முலாம் என்பதால் கேவலம் ஒன்றும் இல்லை, முலாம் என்று தெரிந்து முலாம் விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான். கரண்டியைக் கவிழ்த்துப் பார், மேஜையில் உரசும் மேட்டில் மஞ்சள் எட்டிப்பார்த்தால் விஷயம் முடிந்தது. அதுவும் தெரியாவிட்டால் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறு. 83 கிராம் கரண்டி தண்ணீரில் எட்டு கிராம் அளவுக்குக் குறைந்தால் வெள்ளி, ஒன்பதரைப் பக்கம் குறைந்தால் ஜெர்மன் சில்வர். கத்திக்கு இது சரிவராது, பிடிக்குள் அரக்கு இருக்கும். முட்கரண்டி என்றால் நான்கு முள்ளையும் பார். தேய்ந்து குட்டையானதை வெட்டிச் சமப்படுத்தி விற்பார்கள். முனை கூம்பி முடிய வேண்டும், மொட்டையாக நிற்கக்கூடாது.

வாங்கியதைப் பளபளவென்று ஆக்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் அடக்கு. தேய்க்கிற ஒவ்வொரு முறையும் துணியில் வரும் கறுப்பில் வெள்ளியும் இருக்கிறது. திருநீறு, பற்பொடி, பேஸ்ட் எதுவும் வேண்டாம். அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் கறுப்பை எடுக்கும், ஆனால் மடிப்பில் இருக்க வேண்டிய நிழலையும் சேர்த்து எடுத்து, சுண்ணாம்பு அடித்த மாதிரி விட்டுவிடும். சோப்புத் தண்ணீர், பழைய மல் துணி, நன்றாக ஈரம் போகத் துடைப்பது, அது போதும். கடற்கரையில் இருக்கிற எனக்குக் கறுப்பைவிட உப்புதான் பயம். கறுப்பு மேலோடு நிற்கும், உப்பு குழி பறிக்கும். ஊருக்கு எடுத்துவந்தால் திறந்த அலமாரியில் வைக்காதே.

நிறையத் திட்டிவிட்டேன். எழுதும்போதே கை நடுங்குகிறது, கோபத்தில் இல்லை. நம் குடும்பத்தில் ஒரு சாமானைத் திருப்பிப் பார்த்து அது என்ன என்று கேட்டவள் நீ ஒருத்திதான். உன் அப்பாவும் கேட்டதில்லை, என் பிள்ளைகளும் கேட்டதில்லை. பொங்கலுக்கு வா. தராசு முத்திரைப் பெட்டி உனக்குத்தான், பேச்சுக்குச் சொல்லவில்லை, மாமாவின் லென்ஸும் உரைகல்லும் அதிலேயே வைத்துவிட்டேன். உனக்குப் பிடித்த மாதிரி கோலா மீன் கிடைத்தால் குழம்பு, கிடைக்காவிட்டால் இறால். என்னுடைய சீட்டுப் பணம் தையில் வருகிறது, எனக்கு அதில் செலவு ஒன்றும் இல்லை. வேலையை விட்டே தீருவேன் என்றால் அப்பாவிடம் நான் பேசுகிறேன், மாடி அறையைக் காலி செய்து தருகிறேன், சாமானை அங்கே வைத்துக்கொள். விடாதே. விட்டாலும் வா.

அன்புடன்,
அத்தை

பி.கு.: கடைசிப் படத்தில் கரண்டிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறாய். இரண்டிலும் கந்தகம் இருக்கிறது. கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகக் கழற்று.