கொடுத்த வாக்கும் காத்த வாக்கும்

அன்புள்ள தங்கைக்கு,

நம்மூர் மண்ணரையிலிருந்து நர்ஸ் வேலைக்குக் கிளம்பும் உன்னிடம் முதல் நாளே "இது நம்ம குடும்பம் மாதிரி" என்பார்கள். உடனே நம்பிவிடாதே, வெறுத்துத் தள்ளவும் செய்யாதே. நம்மூர்ப் பனியன் கம்பெனி காண்ட்ராக்டரின் வாக்கு சனிக்கிழமை சம்பளத்தில் தெரிந்துவிடும். மருத்துவமனையின் வாக்கு தெரியக் கூடுதல் நாளாகும். உதாரணமாக, 2015இல் தமிழக அரசு தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது; இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்றது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் திரண்டு போராட வேண்டியிருந்தது. நோயாளிகளை விட்டு வந்ததாக அவர்களைக் குறை சொன்னார்கள். முதலில் முறிந்தது யாருடைய வாக்கு என்று கேட்பதே நியாயம்.

சம்பளத்தைவிட நுட்பமான சோதனை ஒன்று உண்டு: தவறு நடந்த மறுநாள் வார்டில் என்ன நடக்கிறது? அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே நர்ஸ்கள் பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். "யார் செய்தது?" என்று அதட்டும் இடத்தில் அடுத்த தவறு மறைக்கப்படும், அதன் விலையை நோயாளி கொடுப்பார். ஆள் பற்றாக்குறையும் அப்படித்தான். ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் 2002 ஆய்வில், ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் அறுவை சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது.

சேவைத் தொழிலில் கணக்குப் பார்க்கலாமா என்பார்கள். கணக்கில்லாத சேவை சோர்ந்துதான் போகும். நல்ல சம்பளம் தருவது சின்ன மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகாது என்பது உண்மையான சிரமம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையும் நர்ஸுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அந்தச் சம்பளம் தரும்வரை டூட்டி அட்டவணையை முன்கூட்டியே ஒட்டவும், தவறைச் சொன்னவளைத் திட்டாமல் கேட்கவும் காசு வேண்டியதில்லை. அதைக்கூடச் செய்யாத நிர்வாகம் உன் நம்பிக்கையைக் கேட்க உரிமையற்றது.

முதல் வாரமே அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைக் கேட்டு வாங்கு. உன் கையால் தவறு நடந்தால் அன்றே எழுதிக் கொடு. நாளை உனக்குக் கீழே ஒரு சின்னப் பெண் வந்து தன் தவறைச் சொன்னால், நோயாளி எப்படி இருக்கிறார் என்று முதலில் கேள்.